எட்டுப் பேருக்கு எட்டு ஸ்டேக் சுடாதீர்கள்

கேட்கப்பட்டது இது: வீட்டுத் தோட்டத்தில் எட்டு நண்பர்களைக் கூப்பிட்டு, விறகு நெருப்பில் ஸ்டேக் (கனமாக வெட்டிய மாட்டிறைச்சித் துண்டு) சுட்டுப் போட வேண்டும். இதுவரை வீட்டு அடுப்பில் வாணலி வைத்துத்தான் பழக்கம். எவ்வளவு கறி வாங்குவது? எப்போது தீ மூட்டுவது? ஆளுக்கொரு பதம் கேட்டால் எப்படிச் சமாளிப்பது?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு வழி கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்த மாதிரி. எட்டுப் பேருக்கு எட்டு ஸ்டேக் சுடாதீர்கள். 4 அல்லது 5 சென்டிமீட்டர் கனத்தில் பெரிய துண்டாக நான்கு வாங்குங்கள். நான்கையும் சுட்டு, ஆறவிட்டு, விரல் கனத்தில் சீவி, ஒரு பெரிய பலகையில் பரப்பி மேசை நடுவில் வையுங்கள். வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்வார். நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதைச் சரியாகச் செய்வதற்கான விவரம்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை கூப்பிட்டது ஆறு பேரை. ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு ஆறு துண்டு வாங்கினேன். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் கனம்கூட இல்லை. விறகு கொழுந்துவிட்டு எரிவதைப் பார்த்ததும் உற்சாகமாகி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கம்பிமேல் அடுக்கினேன். கொழுப்பு சொட்டியது, தீ எகிறியது, ஒரு பக்கத்தை இழுத்தால் மறு பக்கம் பற்றிக்கொண்டது. ஒருவர் லேசாகச் சிவந்து இருந்தால் போதும் என்கிறார், இன்னொருவர் நன்றாக வேகட்டும் என்கிறார், எது யாருடையது என்பது எனக்கே மறந்துபோயிற்று. இருட்டு வேறு. ஒரு நண்பன் செல்போன் விளக்கைப் பிடிக்க, ஒவ்வொன்றாக வெட்டி வெட்டிப் பார்த்தேன். அந்த வெள்ளை வெளிச்சத்தில் கறியின் நிறத்தை நம்ப முடியாது என்பது அப்போது தெரியாது. வேகவில்லை என்று நினைத்து மறுபடி போட்டேன். கடைசியில் ஆறு பேருக்கும் ஒரே பதம்: செருப்புத் தோல். நான் உட்கார்ந்து சாப்பிடும்போது மற்றவர்கள் கை கழுவிவிட்டார்கள்.

மெல்லிய துண்டில் பிழைக்கு இடமில்லை. மேலே நன்றாகச் சிவக்க எடுக்கும் நேரத்துக்குள் உள்ளேயும் வெந்து முடிந்துவிடும். கனமான துண்டு அப்படியில்லை. உள்ளே சூடு மெதுவாகத்தான் ஏறும், நீங்கள் ஒரு நிமிடம் தாமதித்தாலும் மன்னித்துவிடும். விருந்தாளியோடு பேசிக்கொண்டே சுடுபவருக்கு இந்தக் கருணை கட்டாயம் தேவை.

சரி, எவ்வளவு வாங்குவது? எலும்பில்லாத கறி என்றால் ஆளுக்குப் பச்சையாக 250 முதல் 300 கிராம். எலும்போடு என்றால் 400 முதல் 450 கிராம். சுடும்போது எடையில் கால்பங்கு வரை குறையும். அதனால் பச்சை எடையைப் பார்த்து மலைக்க வேண்டாம். எட்டுப் பேருக்கு 600 கிராம் துண்டு நான்கு, ஆக 2.4 கிலோ. கூட வேறு பதார்த்தங்கள் நிறைய இருந்தால் 2 கிலோவே போதும்.

எந்தத் துண்டு என்பதில் எனக்கு அதிகம் தயக்கம் இல்லை: ரிப்-ஐ, அதாவது விலாப் பகுதித் துண்டு. சதைக்குள்ளே வெள்ளை நரம்பு மாதிரி கொழுப்பு ஓடியிருக்கும். அது உருகிச் சதையை ஈரமாக வைத்திருக்கும், கொஞ்சம் அதிகமாக வெந்தாலும் காப்பாற்றும். ஆனால் கொழுப்பு அதிகம் சொட்டும், தீ எகிறும், கூடவே நிற்க வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றால் ஸ்ட்ரிப், அதாவது பின்முதுகுத் துண்டு. கொழுப்பு ஓரத்தில் ஒரு பட்டையாக இருக்கும், சதைக்கும் கடிபடுகிற குணம் உண்டு. முதுகெலும்பின் உள்பக்கம் இருக்கும் டெண்டர்லாயின் பஞ்சு போல மெத்தென்று இருக்கும், விலையும் அதிகம். ஆனால் விறகுத் தீக்கு அது சோகையான கறி என்பது என் அபிப்பிராயம். கொழுப்பு மிகக் குறைவு என்பதால் புகையோடு சேர்ந்து வரும் ருசி அதில் குறைவு. டி-போன் பார்க்க அழகு, ஆனால் எலும்பின் இரண்டு பக்கமும் இரண்டு வேறு தசை, இரண்டும் வேறு வேறு வேகத்தில் வேகும். முதல் விருந்துக்கு அது வேண்டாம்.

வாங்கும்போது ஒன்று கேளுங்கள்: இது ஊசி குத்தியோ கத்தி ஓட்டியோ மிருதுவாக்கிய கறியா? முழுத் துண்டில் கிருமிகள் மேற்பரப்பில்தான் இருக்கும், சூடு பட்டதும் செத்துவிடும். அதனால்தான் உள்ளே சிவப்பாக விட முடிகிறது. ஊசி குத்திய கறியில் அவை உள்ளே தள்ளப்பட்டிருக்கும். அதை நன்றாக வேகவைத்துத்தான் தின்ன வேண்டும்.

உப்பை முந்தின இரவே போட்டுவிடுங்கள். கிலோவுக்கு 10 கிராம். 2.4 கிலோவுக்குத் தூள் உப்பு சுமார் நான்கு தேக்கரண்டி. எல்லாப் பக்கமும், ஓரங்களிலும் தூவி, ஒரு கம்பித் தட்டில் வைத்து, மூடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் விடுங்கள். முதலில் உப்பு கறியிலிருந்து நீரை வெளியே இழுக்கும். அந்த நீரில் உப்பு கரைந்து, மெல்ல மறுபடி உள்ளே போகும். ராத்திரி முழுக்க இருந்தால் மேற்பரப்பு காய்ந்து, தொட்டால் லேசாக ஒட்டுகிற மாதிரி ஆகிவிடும். நமக்கு வேண்டியது அதுதான். முந்தின நாள் மறந்துவிட்டால், குறைந்தது முக்கால் மணி நேரம் முன்னால் போடுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால் தீயில் வைக்கும் அந்த நிமிடத்தில் போடுங்கள். நடுவில் பத்து, இருபது நிமிடம் என்பதுதான் மோசமான நேரம். வெளியே வந்த நீர் உள்ளே திரும்பாமல் மேலேயே குளமாக நிற்கும்.

மேலே ஈரம் இருந்தால் என்ன? ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. நாம் ஆசைப்படும் பழுப்பு நிறமும் வாசனையும் வேகமாக உண்டாக 140 டிகிரிக்கு மேல் வேண்டும். அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகும் இந்த வினையை 1912-ல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் விளக்கி எழுதினார், அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. நீங்கள் எவ்வளவு பெரிய தீ மூட்டினாலும், கறி ஈரமாக இருந்தால் முதல் சில நிமிடம் அந்தத் தீ தண்ணீரை ஆவியாக்கத்தான் செலவாகும். அதற்குள் உள்ளே வெந்துகொண்டே போகும். கம்பியில் வைக்கும் முன் காகிதத் துண்டால் இன்னொரு முறை ஒற்றி எடுங்கள்.

"ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுச் சுட வேண்டும்" என்று நிறையப் பேர் சொல்வார்கள். 5 சென்டிமீட்டர் கனமுள்ள துண்டு அரை மணியில் சில டிகிரிதான் ஏறும். பயன் சொற்பம். குளிர்ச்சியாகவே வைக்கலாம்.

இன்னொரு பழங்கதை: முதலில் கடும் சூட்டில் வாட்டினால் துளைகள் மூடி, சாறு உள்ளேயே தங்கிவிடும் என்பது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் இந்தக் கருத்தைப் பரப்பினார். பின்னால் எடை போட்டுப் பார்த்த சோதனைகளில் அது நிற்கவில்லை. வாட்டிய கறியும் சாறு விடத்தான் செய்கிறது. வாட்டி மேலோடு உண்டான பிறகும் "சுர்" என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறதே, அது வெளியே வரும் சாறு கொதிக்கிற சத்தம்தான். வாட்டுவது ருசிக்காக. அதனால் அதை முதலிலும் செய்யலாம், கடைசியிலும் செய்யலாம். கனமான துண்டுக்குக் கடைசியில் செய்வதே நல்லது. காரணம் கீழே வரும்.

இப்போது நெருப்பு. இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

தமிழில் "நீறு பூத்த நெருப்பு" என்போம். மேலே சாம்பல் போர்த்தி, உள்ளே கனன்றுகொண்டிருப்பது. சொல்லிவைத்த மாதிரி, ஸ்டேக் சுட வேண்டிய நெருப்பும் அதுதான். கொழுந்தில் சுடக் கூடாது, தணலில் சுட வேண்டும். கொழுந்தின் நுனி கறியை நக்கினால் கரிப்புகை படிந்து கசக்கும். தணலின் அனல் சுத்தமாக, ஒரே சீராக, மேல்நோக்கி வரும். பகலில் பார்த்தால் கங்குகள் வெள்ளையாகத் தெரியும், அணைந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். கையால் நிழல் கட்டி எட்டிப் பார்த்தால் உள்ளே செம்மஞ்சளாகத் துடித்துக்கொண்டிருக்கும். விறகு வெடிக்கிற படபடப்பு நின்று, கண்ணாடித் துண்டுகள் உரசுகிற மாதிரி ஒரு மெல்லிய "கிணிங்" சத்தம் மட்டும் கேட்க ஆரம்பித்தால் வேளை வந்துவிட்டது.

விறகிலிருந்து அந்த நிலைக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். எல்லோரும் தவறு விடுவது இங்கேதான், நானும்தான். இருபது நிமிடத்தில் தீ நன்றாக எரிவதைப் பார்த்து, கறியை வைத்துவிடுகிறோம். பொறுங்கள். ஓக் போன்ற வன்மரமோ பழமரமோ, ஒரு வருடமாவது காய்ந்து வெடித்த விறகாக இருக்கட்டும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் "டொக்" என்று அமுங்கிய சத்தம் வந்தால் ஈரம் இருக்கிறது, "டங்" என்று ஒலித்தால் காய்ந்தது. பைன் போன்ற பிசின் மரம் வேண்டாம், புகையும் கசப்பும்தான் மிஞ்சும். பெயின்ட் அடித்த பலகை, மருந்து ஏற்றிய வேலிக்கட்டை, ஒட்டுப்பலகை இவற்றைத் தொடவே கூடாது. பழைய மருந்துக் கட்டைகளில் ஆர்செனிக் இருக்கும்.

விறகு கிடைக்கவில்லை, அல்லது முதல் தடவையே அவ்வளவு சிரமம் வேண்டாம் என்றால் மரக்கரியில் செய்யுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டிக்கரி சீக்கிரம் பற்றும், சூடு அதிகம், ஆனால் சிறிதும் பெரிதுமாக இருப்பதால் ஏறி இறங்கும். பிரிக்கெட் என்று விற்கும் அச்சுக்கரி நிதானமாக, ஒரே சீராக நீண்ட நேரம் எரியும். பற்றவைக்கச் சிம்னி ஸ்டார்ட்டர் என்கிற தகர உருளை ஒன்று வாங்கிவிடுங்கள். கீழே காகிதத்தைக் கசக்கி வைத்து, மேலே கரியை நிரப்பிப் பற்றவைத்தால் 20, 25 நிமிடத்தில் மேல் கரியின் விளிம்பு வெளுத்துவிடும். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். வாசனை கறியில் ஏறுவது சின்ன விஷயம், முகம் வெந்துபோவது பெரிய விஷயம்.

தணலைப் பரப்பும்போது முழுக்கப் பரப்பாதீர்கள். ஒரு பக்கம் குவியலாக, மறு பக்கம் வெறுமையாக விடுங்கள். ஒரே கம்பித்தட்டில் இரண்டு அடுப்பு கிடைத்த மாதிரி. கங்கின் மேல் கடும் சூடு, வெற்றிடத்தின் மேல் இளஞ்சூடு. கொழுப்பு சொட்டித் தீ எகிறினால் கறியை இளஞ்சூட்டுப் பக்கம் தள்ளிவிட்டால் போதும், அதுவே அடங்கும். தண்ணீர் தெளிக்காதீர்கள். கொழுப்புத் தீ தெறிக்கும், சாம்பலும் எழும்பிக் கறிமேல் உட்காரும்.

சூடு போதுமா என்று பார்க்கப் பழைய வழி: உள்ளங்கையைக் கம்பிக்கு மேலே ஒரு சாண் குறைவாகப் பிடித்து எண்ணுங்கள். இரண்டு எண்ணுவதற்குள் கையை இழுத்துவிட்டால் வாட்டுகிற சூடு. ஐந்தாறு வரை தாங்கினால் மெதுவாக வேகவைக்கிற சூடு.

விறகில் சுடுவோருக்கு ஒரு குறிப்பு. தணல் தீர்ந்துபோகும், அப்போது புது விறகைக் கறிக்கு அடியில் திணிக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் மறுபடி கொழுந்தும் புகையும்தான். ஆரம்பத்திலிருந்தே ஓரமாக ஒரு சின்னத் தீ தனியாக எரிந்துகொண்டிருக்கட்டும். அதிலிருந்து விழும் கங்கை மண்வாரியால் அள்ளித் தணலில் சேர்த்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகளில் எவராவது ஒருவர் தீயைக் கிண்டாமல் இருக்கமாட்டார். அவர் கையில் அந்த மண்வாரியைக் கொடுத்துவிடுங்கள். அவருக்கும் சந்தோஷம், உங்களுக்கும் ஒரு வேலை குறைவு.

கம்பித்தட்டு எதுவாக இருந்தாலும் சரி, துத்தநாகப் பூச்சுள்ள வேலிக்கம்பி மட்டும் வேண்டாம். கடும் சூட்டில் அதன் ஆவி கேடு. ஆற்றிலோ குளத்திலோ எடுத்த கல்லால் அடுப்புக் கட்டவும் வேண்டாம், உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடிக்கும். கம்பியைத் தேய்க்கும் இரும்பு பிரஷ்ஷையும் நான் தூக்கிப் போட்டுவிட்டேன். அதன் முள் ஒன்று உதிர்ந்து கறியில் ஒட்டி, தொண்டைக்குள் போய் அறுவை சிகிச்சை வரை போனவர்கள் உண்டு. கம்பி நன்றாகச் சூடானதும் பாதி வெங்காயத்தை முட்கரண்டியில் குத்தித் தேய்த்தாலே சுத்தமாகிவிடும்.

இனி நேரக் கணக்கு. இரவு 8 மணிக்குச் சாப்பாடு என்றால் பின்னாலிருந்து எண்ணுங்கள். 7:45-க்குக் கறி கம்பியை விட்டு இறங்க வேண்டும். 7:35-க்கு வாட்ட வேண்டும். 7 மணிக்கு இளஞ்சூட்டுப் பக்கம் ஏற வேண்டும். அப்படியானால் விறகு 5:50-க்குப் பற்ற வேண்டும், கரி என்றால் 6:20. நண்பர்களை 6:30-க்கு வரச் சொல்லுங்கள். தயாரான சாப்பாட்டுக்கு வருவதைவிட, எரிகிற தீயைச் சுற்றி உட்காருவதுதான் அவர்களுக்குப் பிடிக்கும். பசியோடு வருபவர்களுக்குக் கொறிக்க ஏதாவது முன்னாலேயே எடுத்து வைத்துவிடுங்கள். இல்லையென்றால் 7:15-க்கு "ஆச்சா?" என்ற குரல்கள் ஆரம்பிக்கும், நீங்கள் பதறுவீர்கள், பதறினால் சீக்கிரம் எடுத்துவிடுவீர்கள்.

சுடும் முறை இது. மூடியுள்ள கிரில் என்றால் நான்கு துண்டையும் தணலில்லாத பக்கம் வைத்து மூடுங்கள். உள்ளே 110 முதல் 130 டிகிரி இருந்தால் போதும். பாதி நேரத்தில் ஒரு முறை திருப்பி, தணலுக்குப் பக்கத்தில் இருந்ததைத் தள்ளியும், தள்ளி இருந்ததைப் பக்கத்திலும் மாற்றிவிடுங்கள். 25 முதல் 40 நிமிடத்தில் நடுப்பகுதி 46, 47 டிகிரிக்கு வரும். இப்போது பார்த்தால் கறி சாம்பல் நிறத்தில், யாருக்கும் பசி வராத தோற்றத்தில் இருக்கும். கவலை வேண்டாம். மேலே முற்றிலும் காய்ந்திருக்கும். புதுக் கங்கு கொஞ்சம் சேர்த்து, கடும் சூட்டுப் பக்கம் மாற்றினால் பக்கத்துக்கு ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் பளபளவென்று சிவந்துவிடும். கடைசியில் வாட்டச் சொன்னது இதற்காகத்தான்: மேற்பரப்பு காய்ந்திருப்பதால் வாட்டும் நேரம் குறைகிறது, அதனால் உள்ளே ஓரத்திலிருந்து நடுவரை ஒரே நிறம். கொழுப்புப் பட்டை உள்ள ஓரத்தை இடுக்கியால் நிமிர்த்திப் பிடித்து அதையும் அரை நிமிடம் காட்டுங்கள்.

மூடியில்லாத திறந்த அடுப்பு என்றால் இளஞ்சூட்டுப் பக்கம் இவ்வளவு வேலை செய்யாது, காற்று சூட்டைக் கொண்டுபோய்விடும். அங்கே வேறு வழி. மிதமான தணலின் மேல் வைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை திருப்பிக்கொண்டே இருங்கள். "ஒரே ஒரு முறைதான் திருப்ப வேண்டும்" என்பவர்கள் பக்கத்தில் இருந்தால் சிரித்துவிட்டு வேலையைப் பாருங்கள். அடிக்கடி திருப்பினால் ஒரு பக்கம் சூடேறும்போது மறு பக்கம் கொஞ்சம் ஆறுகிறது, உள்ளே சீராக வேகிறது, மொத்த நேரமும் குறைகிறது. 4 சென்டிமீட்டர் துண்டு கால் மணி நேரத்துக்குள் பதத்துக்கு வந்துவிடும். நேரக் கணக்கையும் அதற்குத் தகுந்தாற்போல் சுருக்கிக்கொள்ளுங்கள்.

பதம் பார்க்க வெப்பமானி வாங்குங்கள். விருந்துக்காக ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் அது இதுவாகவே இருக்கட்டும். விரலால் அழுத்தி, உள்ளங்கைச் சதையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வித்தையெல்லாம் தினமும் நூறு துண்டு சுடுபவருக்குச் சரி. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், ஆனால் கறி அப்படியல்ல. நான்கு துண்டையும் தனித்தனியாகக் குத்திப் பார்க்க வேண்டும். மேலிருந்து குத்தாதீர்கள், பக்கவாட்டிலிருந்து நடு மையம் வரை செருகுங்கள். ரேர் (உள்ளே நல்ல சிவப்பு) என்பது 50 டிகிரி அளவில், மீடியம் ரேர் 54 முதல் 57, மீடியம் 60 முதல் 63, வெல் டன் (முழுக்க வெந்தது) 70-க்கு மேல். இறக்கி வைத்த பிறகும் உள்சூடு மூன்று, நான்கு டிகிரி ஏறும். ஆகவே அந்த அளவு முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். அமெரிக்க வேளாண் துறை முழுத் துண்டுக்குச் சொல்லும் பாதுகாப்பு அளவு 63 டிகிரி, அதன் பிறகு 3 நிமிடம் ஆறவிடுவது. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு இந்த அளவிலிருந்து கீழே இறங்காதீர்கள். கொத்துக்கறியில் செய்த பர்கரும் கூடவே சுடுவதானால் அதற்கு 71 டிகிரி, எல்லோருக்கும்.

இப்போது ஆளுக்கொரு பதம். நான்கு துண்டில் இரண்டை மீடியம் ரேரில் இறக்குங்கள், ஒன்றை மீடியத்தில், ஒன்றை வெல் டன்னில். நான்காவதற்கு, வாங்கியதிலேயே கொழுப்பு அதிகம் ஓடிய துண்டை ஒதுக்குங்கள். பலர் தலைகீழாகச் செய்வார்கள், "எப்படியும் நன்றாக வேகவைத்துக் கெடுக்கப் போகிறார்" என்று மட்டமான துண்டை அவருக்குத் தள்ளிவிடுவார்கள். கொழுப்பில்லாத சதைதான் வெந்தால் நாராகும். நிணமுள்ள துண்டு 70 டிகிரியிலும் தின்னும்படி இருக்கும். வெல் டன் கேட்பவரைக் கிண்டல் செய்வதும் வேண்டாம், அவர் உங்கள் வீட்டு விருந்தாளி. சீவிய பிறகு யாராவது "எனக்கு இன்னும் கொஞ்சம்" என்றால் அந்தச் சீவல்களை மட்டும் தணலின் மேல் அரை நிமிடம் காட்டித் திருப்பிக் கொடுங்கள். முழுத் துண்டாகப் பரிமாறியிருந்தால் இது முடியாது.

பலகையில் சிவப்பாக ஓடுவதைப் பார்த்து யாராவது முகம் சுளிக்கலாம். அது ரத்தம் இல்லை. மையோகுளோபின் என்ற தசைப் புரதம் கலந்த நீர். சூடு ஏற ஏற அதன் நிறம் மாறி, பழுப்பாகும். இதைச் சொன்னால் பாதிப் பேர் சமாதானமாவார்கள். மீதிப் பேருக்கு அந்த நான்காவது துண்டு இருக்கிறது.

இறக்கிய கறியைத் தட்டில் வைக்காமல் கம்பித் தட்டில் வையுங்கள், அடிப்பக்கம் தன் நீரிலேயே ஊறாது. ஐந்து முதல் பத்து நிமிடம். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காதா என்று கேட்பார்களே, அந்தப் பத்து நிமிடம்தான் இது. வெண்ணெய், நசுக்கிய பூண்டு, மிளகுத்தூள் எல்லாம் இப்போது மேலே போடலாம். தீயில் போட்டிருந்தால் கருகியிருக்கும். பிறகு சதையின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே சீவுங்கள். நார் குட்டையானால் பல்லுக்கு வேலை குறைவு. பச்சைக் கறியைத் தொட்ட இடுக்கியும் தட்டும் பலகையும் வேறு, வெந்ததைத் தொடுபவை வேறு. இருட்டில் இது சுலபமாகக் குழம்பும். நான் வெந்த கறிக்கான இடுக்கியின் பிடியில் ஒரு வெள்ளைத் துணி கட்டிவைப்பேன்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர், இறைச்சியே சாப்பிடாதவர் யார் யார் என்று கூப்பிடும்போதே கேட்டுவிடுங்கள். சோளக்கதிர், காளான், கத்தரிக்காய், பெரிய வெங்காயம் எல்லாம் தணலில் அருமையாக வரும். ஆனால் அவர்களுக்கானதைக் கறி ஏறும் முன்பே சுத்தமான கம்பியில் சுட்டு எடுத்துவிடுங்கள், அல்லது தனிக் கம்பி வையுங்கள். கொழுப்பு சொட்டிய கம்பியின் ஓரத்தில் அவர்கள் சாப்பாட்டை வாட்டிவிட்டு "கறி படவே இல்லை" என்று சொல்வது நியாயமில்லை. மற்ற பக்கப் பதார்த்தங்களைப் பற்றி எனக்கு அதிக அக்கறை இல்லை. புளிப்பாக ஒன்று, மொறுமொறுப்பாக ஒன்று, ரொட்டி அல்லது உருளைக்கிழங்கு. எல்லாம் 6 மணிக்கு முன்பே தயாராகி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுப்பைச் சுவர், வேலி, தாழ்ந்த மரக்கிளை எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 3 மீட்டர் தள்ளி வையுங்கள். திறந்த விறகுத் தீ என்றால் அதைவிட இன்னும் தள்ளி. வறண்ட காலத்தில் திறந்த தீக்குத் தடை உண்டா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நாற்காலிகளைப் போடுங்கள், புகை ஆட்கள் மேல் போகாது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். மழை வந்தால்? கறியை வீட்டுக்குள் கொண்டுபோய் வாணலியில் முடியுங்கள். தணலை உள்ளே கொண்டுபோகாதீர்கள். கார் கொட்டகைக்குள்ளும் கூடாது, கூடாரத்துக்குள்ளும் கூடாது, கதவு திறந்திருந்தாலும் கூடாது. தணல் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், பிறகு எழுந்திருக்க மாட்டோம்.

வெளிச்சத்துக்கு நெற்றியில் மாட்டும் விளக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையும் வேலையில் இருக்கும். மீந்த கறியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும், வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரத்துக்குள். மறுநாள் அதைச் சூடாக்காமல் மெல்லிசாகச் சீவி ரொட்டிக்குள் வைத்துத் தின்றால் நன்றாக இருக்கும். சூடாக்கினால் விறைத்துவிடும்.

தீயை உடனே அணைக்க வேண்டியதில்லை. சாப்பிட்ட பிறகு இரண்டு கட்டையை மேலே போட்டால் பேச்சு இன்னும் இரண்டு மணி நேரம் ஓடும். கடைசி ஆள் கிளம்பியதும் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றிக் கிளறுங்கள். சாம்பலைப் பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டாதீர்கள். மூடியுள்ள தகர வாளியில் போட்டு, வீட்டுச் சுவருக்குத் தள்ளி, இரண்டு நாளாவது விடுங்கள். ஒரு முறை சோம்பேறித்தனமாகத் தண்ணீர் ஊற்றாமல் தூங்கப் போய்விட்டேன். மறுநாள் காலை 10 மணிக்கு வந்து பார்த்தால் குழி நிறைய வெள்ளைச் சாம்பல், தொட்டால் சில்லென்று இருந்தது. மண்வாரியை உள்ளே விட்டுப் புரட்டினேன். அடியில் நெல்லிக்காய் அளவில் ஒரு கங்கு, காற்றுப் பட்டதும் கண் திறந்து பார்ப்பதுபோல் சிவந்தது.